எத்தனை சாண் ஏறியது?

2005 ஜனவரிக் கடைசியில், சுனாமி அடித்து ஒரு மாதம் ஆன சமயம், எங்கள் ஊருக்கு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டின ஊர். கையில் அளவு டேப்பு, கழுத்தில் அடையாள அட்டை, கிளிப் போட்ட தாள்கள். நிவாரணக் கணக்கு எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அப்பாயி, "ரேஷன் கார்டு தண்ணியோட போயிடுச்சு தம்பி" என்று முந்திக்கொண்டு சொன்னாள்.

அவர்கள் கேட்டது அதை இல்லை. "கடல் முதல்ல உள்ள போச்சா பாட்டி, இல்ல நேரா மேல ஏறி வந்துச்சா?"

அப்பாயி அந்தப் பையனை ஒரு நிமிடம் பார்த்தாள். ஒரு மாதமாக அவளிடம் யார் யாரோ வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், போனது எத்தனை, படகு உண்டா, வலை உண்டா, பேங்க் கணக்கு இருக்கிறதா. கடல் என்ன செய்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"முதல்ல லேசா ஏறிச்சு தம்பி. படகு கட்டுற இடம் வரைக்கும். அப்புறந்தான் உள்ள போச்சு. போச்சுன்னா எப்புடி, கடலே இல்ல. சேறு. மீனு துள்ளுது. புள்ளைவ பொறுக்க ஓடுதுவ. அதுக்கு அப்புறம் வந்துச்சு பாரு."

பையன் குழம்பிவிட்டான். அவன் தாளில் இரண்டே கட்டங்கள்: 'உள்வாங்கியது', 'ஏறியது'. எதில் டிக் அடிப்பது? கடைசியில் ஓரத்தில் பொடி எழுத்தில் என்னவோ எழுதிக்கொண்டான். உயரம் கேட்டபோது அப்பாயி உள்ளே கூட்டிப் போய் மாதா படம் தொங்கிய ஆணியைக் காட்டினாள். படம் போய்விட்டது, ஆணி இருந்தது. அதற்கு நாலு விரற்கடை கீழே சுவரில் பழுப்புக் கோடு. கூட வந்த பெண் தரையில் டேப்பை அழுத்திப் பிடிக்க, பையன் மேலே இழுத்து அளந்தான். மூவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். நினைவுக்குக் கொண்டுவந்தது லிஸ்பன். போர்ச்சுகலின் தலைநகரம். 1755-இல் பூகம்பத்திலும் அலையிலும் நெருப்பிலும் அழிந்து, மறுபடி எழுந்த ஊர்.

2019-இல் வேலை விஷயமாக அங்கே பத்து நாள் இருக்க நேர்ந்தது. கூடப் படித்த நண்பன் ஒருவன் அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறான். கிளம்பும்போது அப்பாயிக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு லிஸ்பன் என்றால் அருளானந்தர் ஊர். ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, 1647-இல் பிறந்தது அந்த நகரத்தில்தான். சின்ன வயதில் போர்ச்சுகல் அரசவையில் இளவரசரோடு வளர்ந்தவர். ஓரியூர்ச் செம்மண்ணை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவள் அப்பாயி. "அங்கேருந்தும் ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா" என்றாள். விமானத்தில் மண் கொண்டுவரும் சிரமத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது? சரி என்று தலையாட்டினேன்.

முதல் நாள், தங்கும் வீட்டுக்காரம்மாள் அறையைச் சுற்றிக் காட்டினார். 'ஜனேலா' என்று ஜன்னலைத் திறந்தார். 'ஷாவ்' என்று சாவியைக் கையில் வைத்தார். மேசையைத் தட்டி 'மேஸா', அலமாரியைக் காட்டி 'அர்மாரியு', துண்டை நீட்டி 'தோவால்யா'. துவாலை! எனக்கு ஆங்கிலமே வேண்டியிருக்கவில்லை. இந்தச் சொற்களெல்லாம் கப்பலில் வந்து நம் வீட்டுக்குள் குடியேறியவை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் சாவியோடு சேர்த்துக் கையில் வாங்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இந்த ஊரில்தான், 1554-இல். ரோமன் எழுத்தில் தமிழை எழுதி, போர்த்துக்கீசிய மொழியோடு சேர்த்து அச்சிட்ட ஜெபப் புத்தகம்.

எனவே லிஸ்பன் பூகம்பத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒரு விநோதம். ஜன்னல் நொறுங்கியது, அலமாரி சாய்ந்தது, பாதிரி ஓடினார் என்று எழுத எழுத, அந்தச் சொற்களே அந்த இடிபாட்டிலிருந்து எடுத்தவை போல இருக்கின்றன.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அந்த இரண்டு நாளும் எப்படி இருக்கும் என்று தெரியும். பக்திக்குப் பேர்போன லிஸ்பனில் அது பல மடங்கு. ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்த நகரம். பிரேசில் சுரங்கத் தங்கம் கொட்டிக்கொண்டிருந்த காலம். காலை 9.30 மணிக்குமேல் கோயில்களெல்லாம் நிரம்பி வழிந்தன. எல்லாப் பீடத்திலும் மெழுகுத்திரிகள் எரிந்தன.

முதலில் கேட்டது சத்தம். ஓர் ஆங்கிலேயர் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மேசையும் தாளும் லேசாக நடுங்கின. மேற்கே இருந்த பெலேமிலிருந்து அரண்மனைக்கு வண்டிகள் போகின்றன போல என்று நினைத்தார். பிறகுதான் வீடே அஸ்திவாரத்தோடு ஆடத் தொடங்கியது. அப்புறம் இருட்டு. சுண்ணாம்புத் தூசி எழும்பி, கண்ணுக்கு எதிரே இருப்பது தெரியாத இருட்டு, பட்டப்பகலில். இந்த ஒரு விவரம் போதும் எனக்கு. பூகம்பம் என்றால் இடிவதை நினைக்கிறோம்; இருட்டிவிடும் என்று நினைப்பதில்லை.

மூன்று தடவையாக ஆடியது. இடையில் கொஞ்சம் நின்று, மறுபடி. மொத்தம் ஆறு நிமிடம் என்பார்கள், அதற்கு மேலும் சொல்பவர்கள் உண்டு. பூமி அசைந்த இடம் நகரத்தில் இல்லை. தென்மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு அடியில், போர்ச்சுகலின் தென்மேற்கு முனையான சாவ் விசென்ட் முனைக்கும் அப்பால். இன்றைய கணக்கில் அதன் அளவு 8.5-இலிருந்து 9-க்குள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரியில் தண்ணீர் காரணமே இல்லாமல் கரையேறி இறங்கியது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கரீபியன் தீவுகளில் அலை எழுந்தது. மொராக்கோவில் ஊர்கள் அழிந்தன. அதைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதியது கொஞ்சம்தான்.

பிழைத்தவர்கள் எங்கே ஓடுவார்கள்? தலைக்குமேல் எதுவும் விழாத இடத்துக்கு. லிஸ்பனில் அப்படிப்பட்ட இடம் ஆற்றங்கரை. தேஜோ ஆறு அங்கே கடல் போல அகலம். அரண்மனைக்கு முன்னால் பெரிய திடல், பக்கத்தில் புதிதாகக் கட்டிய கல் படித்துறை. ஜனங்கள் அங்கே குவிந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பின்வாங்கி, அடியில் கிடந்த பழைய கப்பல் உடைசல்களும் சரக்குகளும் தெரிந்தன என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு தண்ணீர் மலை மாதிரி எழும்பி வந்தது. அந்தப் படித்துறை அதில் இருந்தவர்களோடு காணாமல் போனது.

அந்தத் திடல் இன்றைக்கும் இருக்கிறது. சாயங்காலம் போய் நின்றேன். பளிங்குப் படிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன. பிள்ளைகள் கடைசிப் படியில் நின்று, அலை வந்ததும் காலைத் தூக்கிச் சிரிக்கின்றன. "மீனு துள்ளுது, புள்ளைவ பொறுக்க ஓடுதுவ" என்ற குரல் கேட்டது. எங்களூரில் அது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலை ஒன்பது மணி வாக்கில். ரொம்ப நேரம் அங்கே நிற்க முடியவில்லை.

அலை ஓய்ந்த நகரத்தை நெருப்பு பிடித்தது. சாய்ந்த மெழுகுத்திரிகள், அணையாத அடுப்புகள், அதோடு காற்று. ஐந்தாறு நாள் எரிந்தது. அனைத்துப் புனிதர்கள் பெயரிலேயே இருந்த அரசு மருத்துவமனை, அந்தப் புனிதர்கள் திருநாளிலேயே நோயாளிகளோடு எரிந்தது. அந்த வருடம் வசந்தத்தில்தான் திறந்திருந்தார்கள் ஓர் இசை நாடக அரங்கை. ஏழு மாதம் போலத்தான் நின்றது. ஆற்றோர அரண்மனையில் 70,000 புத்தகம் கொண்ட நூலகம், திஷியன், ரூபன்ஸ் ஓவியங்கள், அருகிலேயே இந்திய வாணிபத்தை நடத்திய 'இந்தியா மாளிகை', கடற்பயணப் பதிவேடுகள் எல்லாம் போயின. நம் கரைகளைப் பற்றி அங்கே என்னென்ன எழுதி வைத்திருந்தார்களோ. நகரக் கட்டடங்களில் 85 சதவீதம் நாசம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இறந்தவர்கள் 30,000-இலிருந்து 40,000 என்பார்கள். ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் 'கசெட்டா டி லிஸ்போவா' என்ற வாரப் பத்திரிகை, நவம்பர் 6 இதழைத் தவறாமல் கொண்டுவந்துவிட்டது. அதில் செய்தி சில வரிதான். இம்மாதம் 1-ஆம் தேதி, நகரத்தின் பெரும்பகுதியைப் பாழாக்கிய நடுக்கங்களாலும் நெருப்பாலும் எல்லா நூற்றாண்டுகளுக்கும் நினைவில் நிற்கும் என்ற பொருளில். அவ்வளவே. இன்றைய தொலைக்காட்சிக்காரர்களை நினைத்துச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அரசர் முதலாம் ஜோஸே தப்பித்தது, மகள்களில் ஒருத்தி திருநாளை நகரத்துக்கு வெளியே கழிக்கலாம் என்று ஆசைப்பட்டதால். விடியல் பூசை முடித்துப் பெலேமுக்குப் போயிருந்தார்கள். ஒரு கல்கூட அவர்மேல் விழவில்லை. ஆனாலும் மனிதர் அதன் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்கச் சம்மதிக்கவில்லை. அஜூடா குன்றின்மேல் கூடாரங்களும் மர வீடுகளுமாக ஓர் அரண்மனை கட்டிக்கொண்டார். அதற்கு ஊரார் வைத்த பெயர் 'அரச குடிசை'. 1777-இல் சாகும்வரை, 21 வருடத்துக்கு மேல் அங்கேதான். வரலாற்றுப் புத்தகங்கள் இவரைக் கொஞ்சம் ஏளனமாகவே பேசுகின்றன. என்னால் முடியவில்லை. எங்கள் சித்தப்பா பதினான்கு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். 2004-க்குப் பிறகு மாடியில்தான் படுப்பார், மழையானாலும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு. யாரும் அவரைக் கேலி செய்ததில்லை.

பயந்த அரசருக்குப் பயப்படாத அமைச்சர் வாய்த்தார். செபாஸ்தியாவ் ஜோஸே டி கார்வால்யோ. பின்னாளில் பொம்பால் பிரபு. "செத்தவர்களைப் புதையுங்கள், இருப்பவர்களுக்குச் சோறு போடுங்கள்" என்ற வாக்கியம் இவர் பெயரில்தான் வழங்குகிறது, சொன்னது வேறொருவராகவும் இருக்கலாம். உண்மையில் இவர் எல்லாரையும் புதைக்கவும் இல்லை. கொள்ளைநோய்க்கு அஞ்சி, லிஸ்பன் திருச்சபைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, உடல்களைப் படகில் ஏற்றி, பாரம் கட்டி, ஆற்று முகத்துக்கு அப்பால் கடலில் இறக்கினார்கள். எங்களூரில் நாங்கள் கடல் கொண்டுவந்து போட்டவர்களை மண்ணில் குழி வெட்டி வைத்தோம். அங்கே மண் மூடியவர்களைத் தோண்டி எடுத்துக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

தானியத்துக்கு விலைக் கட்டுப்பாடு, வாடகை ஏற்றத் தடை, ஊரை விட்டு ஓடாமல் இருக்கச் சுற்றிலும் சிப்பாய்கள். மேட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தூக்குமரங்கள். கொள்ளையடித்ததாக முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தொங்கவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து 1,00,000 பவுண்டு உதவி வந்தது, பாதி காசாக, பாதி மாவு, இறைச்சி, செருப்பு, கடப்பாரை, மண்வெட்டி என்று. கடப்பாரை அனுப்ப நினைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்.

இதெல்லாம் சரி. என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1756 தொடக்கத்தில் நடந்த வேறொன்று. நாடு முழுக்க ஒவ்வொரு பங்குச் சாமியாருக்கும் ஒரு கேள்வித்தாள் போனது. 13 கேள்விகள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் ஆடியது? ஒரு திசையிலிருந்து வேகம் அதிகமாக வந்ததாகத் தோன்றியதா? எத்தனை வீடு போயிற்று? யார் யார் இறந்தார்கள்? ஊற்றுகளிலும் ஆறுகளிலும் கடலிலும் என்ன புதுமை கண்டீர்கள்? நிலம் பிளந்ததா, பிளந்த இடத்தில் என்ன இருந்தது? பிறகும் ஆடியதா? சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததா? நெருப்பு எத்தனை நாள்?

நடுவில் ஆறாவது கேள்வி. கடல் முதலில் வடிந்ததா, ஏறியதா? வழக்கத்தைவிட எத்தனை சாண் ஏறியது? எத்தனை முறை வந்து போனது? வடிய எவ்வளவு நேரம், திரும்ப நிரம்ப எவ்வளவு நேரம்?

அவர்கள் மொழியில் 'பால்மோ'. விரித்த கையின் அளவு, 22 சென்டிமீட்டர். நம் சாண்தான், அச்சு அசல். அப்பாயி காட்டிய ஆணியும், அதற்குக் கீழே நாலு விரற்கடையில் ஓடிய கோடும் அப்படியே கண்முன் வந்தன.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பூகம்பம் எதனால் வருகிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்போது இளைஞராக இருந்த ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட் இதைப் பற்றி மூன்று கட்டுரை எழுதினார். பூமிக்குள் குகைகளும் அவற்றில் வாயுக்களும் இருப்பதாகச் சொன்னார், தப்பு. பதில் தெரியாத நிலையில் கேள்வியை மட்டும் இவ்வளவு துல்லியமாகக் கேட்கத் தோன்றியிருக்கிறது. 'ஏன்' என்ற சொல் அந்தத் தாளில் இல்லை. எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம், எத்தனை தடவை என்பது மட்டுமே. கேட்கப்பட்டதும் மேதைகளை இல்லை. கிராமத்துச் சாமியார்களை, அவர்கள் வழியாக மீனவர்களை, மேய்ப்பவர்களை, கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களை. இருநூறு வருடம் கழித்துக் கணினியில் அந்த அலையைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கு, இப்படி அன்றைக்கே எழுதி வைத்த சாட்சியங்கள்தான் பிடிமானம்.

பதில்கள் போய்ச் சேர்ந்த இடம் 'டோரே டோ டோம்போ' என்ற அரசு ஆவணக் களரி. அதற்கும் ஒரு கதை. கோட்டையில் அது இருந்த கோபுரம் அந்தக் காலையில் இடிந்து விழுந்தது. பொறுப்பாளர் மனுவேல் த மாயா, வயது 78. இடிபாட்டிலிருந்து கட்டுக்கட்டாக எடுக்க வைத்து, கோட்டை முற்றத்தில் மரக் கொட்டகை போட்டுப் பாதுகாத்தார். காகிதம் தப்பியது. இவர்தான் நாட்டின் தலைமைப் பொறியாளரும்கூட. நகரத்துக்கு இவரும் சேர்ந்து திட்டமிட்ட பெரிய நீர்க்கால்வாயின் வளைவுகள் விழாமல் நின்றன. அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 4-ஆம் தேதியே, புகை நாற்றம் போகும் முன், இந்தக் கிழவர் ஓர் அறிக்கை கொடுத்தார். நகரத்தை என்ன செய்யலாம் என்பதற்கு ஐந்து வழி. பழையபடியே கட்டலாம். தெருவை அகலமாக்கிக் கட்டலாம். இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்று கட்டலாம். தாழ்வான நடுப்பகுதியான பைஷாவை முழுக்கத் தரைமட்டமாக்கி, இடிபாட்டாலேயே மேடேற்றி, புதிதாகக் கோடு போட்டுக் கட்டலாம். அல்லது எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு பெலேம் பக்கம் வேறு ஊர் கட்டலாம். நான்காவதைப் பிடித்துக்கொண்டார்கள். எவுஜேனியு தோஸ் சாந்தோஸும், ஹங்கேரியில் பிறந்த கார்லோஸ் மார்டெலும் வரைபடம் போட்டார்கள். இருவரும் எட்டு வருடத்துக்குள் இறந்துபோனார்கள், நகரம் முடிந்ததைப் பார்க்கவில்லை.

பைஷாவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் தோண்டி வைத்திருக்கிறார்கள். நேரம் சொல்லி வைத்துக் கூட்டமாகக் கூட்டிப் போகிறார்கள். கீழே இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ரோமானியர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகள். கருவாட்டு ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன வரவேற்பு வேண்டும்? இன்னும் கொஞ்சம் தள்ளி, ஈரத்தில் கறுத்துப்போன கழிகள், நெருக்கமாக, தலைகீழாக நட்ட காடு மாதிரி. பைன் மரம். பைஷா ஆற்று வண்டல்மேல் உட்கார்ந்த பூமி. அதனால்தான் அங்கே ஆட்டம் அத்தனை மோசம். பக்கத்தில் பாறைமேல் இருக்கும் அல்ஃபாமா மேட்டின் சந்துகளில் பல இன்னும் பழைய வளைவு நெளிவோடே நிற்கின்றன. சேற்றில் கழிகளை அடித்து இறுக்கி அதன்மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். ஈரத்தில் இருக்கும்வரை மரம் மக்காது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்று பட்டால் ஆபத்து. 'பூகம்பத்துக்குப் பயப்படுவதைவிட இது காய்ந்துவிடுமோ என்றுதான் பயப்பட வேண்டும்' என்ற தோரணையில் வழிகாட்டிப் பெண் பேசிக்கொண்டு போனார்.

மேலே கட்டடத்துக்குள் இருப்பது இன்னொரு வித்தை. 'கயோலா', கூண்டு. தரைத்தளம் கல் வளைவு. அதற்கு மேல் ஒவ்வொரு சுவருக்குள்ளும் மரச்சட்டம்: நிற்கும் சட்டம், படுக்கும் சட்டம், நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம். இடைவெளியில் உடைகல்லும் செங்கல் துண்டும் சுண்ணாம்பும். மேலே பூச்சு. பார்க்கச் சாதாரணச் சுவர்தான். நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். வெளிச்சுவர் சரிந்தாலும் கூண்டு தளத்தைத் தாங்கிக்கொள்ளும். மாதிரிக் கூண்டு ஒன்றைத் திடலில் வைத்து, சுற்றிலும் சிப்பாய்களைக் காலைத் தட்டி நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று ஒரு கதை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாள் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சதுரம் மட்டும் பூசாமல் விட்டு, கண்ணாடி மாட்டியிருந்தார். உள்ளே அந்தப் பெருக்கல் குறி. கையால் அடித்த ஆணி, தச்சன் சீவிய தடம். இந்த வேலைக்காரர்களின் தலைவனை அவர்கள் 'மெஸ்த்ரே' என்பார்கள். நம்ம மேஸ்திரி.

ஜன்னலும் கதவும் ஒரே அளவில் செய்து அடுக்கி வைத்து, கொண்டுவந்து பொருத்தினார்கள். வீட்டுக்கு வீடு நெருப்பு தாவாமல் இருக்கக் கூரைக்குமேல் உயர்ந்த தடுப்புச் சுவர். வணிகர்கள் இறக்குமதிச் சரக்கின்மேல் 4 சதவீதம் தர ஒத்துக்கொண்டார்கள். தெருக்களுக்குத் தொழில்வாரியாகப் பெயர்: தங்க வேலை, வெள்ளி வேலை, சப்பாத்து தைப்பவர், சேணம் செய்பவர். வரிசை வரிசையாக ஒரே முகம் கொண்ட வீடுகள். அழகா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் பாசறை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் கூண்டு இருப்பது தெரிந்த பிறகு அந்தச் சலிப்பு மரியாதையாகிவிடுகிறது. இப்போது கடையை விசாலமாக்குகிறோம் என்று உள்சுவரை எடுத்து, கூண்டின் ஒரு காலை அறுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாரும் 'எப்படி' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கப்ரியேல் மலக்ரிதா என்ற வயதான இயேசு சபைச் சாமியார் 1756-இல் ஒரு சிறுநூல் அச்சிட்டார். இது வாயுவாலும் இல்லை, இயற்கையாலும் இல்லை, உங்கள் பாவத்தால். வீடு கட்டுவதை விட்டுவிட்டுத் தவம் செய்யுங்கள் என்றார். 2005-இல் எங்கள் பக்கத்திலும் ஒரு பிரசங்கியார் மைக் பிடித்து இதையே சொன்னார். அப்பாயி கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "செத்த புள்ளைவ என்ன பாவம் பண்ணிச்சு? பாலு குடிச்சதா?" எழுத்தாளர் வோல்தேர் இதையே பிரெஞ்சில் கவிதையாகக் கேட்டார். அதற்குத் தத்துவவாதி ரூஸோ கடிதம் எழுதினார்: அங்கே ஆறேழு மாடியில் இருபதாயிரம் வீடுகளை இயற்கையா கட்டி வைத்தது? நியாயமான கேள்வி. அலைக்கு இருநூறு அடியில் எங்களுக்குக் குடியிருப்பு கட்டித் தந்ததும் கடல் இல்லை.

மலக்ரிதா விஷயத்தில் எனக்குக் கார்வால்யோமேல் இருந்த மதிப்பு இறங்கிவிடுகிறது. கிழவர் சொன்னது அபத்தம்தான். ஆனால் அவரை லிஸ்பனை விட்டு வெளியேற்றி, பிறகு சிறையில் போட்டு, புத்தி பேதலித்த நிலையில், மத விசாரணை மன்றத்தைக் கொண்டே தண்டிக்க வைத்து, 1761-இல் ரொசியு சதுக்கத்தில் கழுத்தை நெரித்து எரித்தார்கள். அந்த மன்றத்தின் தலைமையில் அப்போது இருந்தவர் கார்வால்யோவின் சகோதரர். 13 கேள்விகளையும் இதையும் செய்தது ஒரே நிர்வாகம். 1759-இல் இயேசு சபையாரைப் போர்ச்சுகலிலிருந்து விரட்டியதன் அதிர்வு மதுரை மிஷன் வரைக்கும் வந்தது. லிஸ்பனிலிருந்து கப்பலேறிய வீரமாமுனிவரின் மிஷன் அது.

பத்தாவது கேள்வியைச் சொல்ல விட்டுவிட்டேன். இதற்கு முன் எப்போதாவது பூகம்பம் வந்ததாக உங்கள் ஊரில் நினைவு உண்டா, அப்போது என்ன சேதம்? 1531 ஜனவரியில் லிஸ்பன் மோசமாக இடிந்திருக்கிறது. 224 வருடம், ஏழெட்டுத் தலைமுறை. பைஷாவில் அதே வண்டலின்மேல் மறுபடி கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. 'கடல்கோள்' என்று நம்மிடம் சொல்லே இருந்தது. புகாரைக் கடல் கொண்டதைப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், அந்தப் புகாருக்குக் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. கடல் உள்வாங்கினால் ஓடு என்று அந்தச் சொல் யாருக்கும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் கார்மு மடத்துக்குப் போனேன். 1389-இல் தொடங்கிய கோயில். கூரை விழுந்தது விழுந்ததுதான். வளைவு எலும்புகள் மட்டும் வானத்தில் நிற்கின்றன. தரையில் புல். மண் எடுக்கக் குனிந்தேன். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துவிட்டேன். அருளானந்தர் படம் போட்ட ஓடு ஒன்றைக் கடை கடையாகத் தேடியும் கிடைக்காமல், அந்தோனியார் படம் போட்டது வாங்கி வந்தேன். அவரும் லிஸ்பனில் பிறந்தவர்தான். அப்பாயி வாங்கிப் பார்த்துவிட்டு, "இவரு நம்ம தெருவுலயே இருக்காரே" என்றாள். ஆனாலும் ஆணியில் மாட்டிக்கொண்டாள், மாதாவுக்குக் கீழே.

2024 ஆகஸ்ட் 26 காலையில் நண்பனிடமிருந்து செய்தி வந்திருந்தது. லிஸ்பனில் விடியற்காலை 5.11-க்கு ஆடியிருக்கிறது. சீனெஸ் நகருக்கு அப்பால் கடலில், 5.3. சேதம் ஒன்றும் இல்லை. போன் போட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியதாகவும், பக்கத்து வீட்டுக் கிழவர் மட்டும் பைஜாமாவோடு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்ததாகவும் சொன்னான். திரும்பி வந்ததும் வானிலை நிறுவனத்தின் இணையப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்திருக்கிறார்கள். உணர்ந்தீர்களா, எங்கே இருந்தீர்கள், பொருள்கள் ஆடினவா.

"எவ்வளவு நேரம் ஆடிச்சு?" என்றேன்.

"பத்து செகண்டு இருக்கும்டா."

பின்னாலிருந்து அவன் மனைவி குரல் கேட்டது: "அரை நிமிஷம்ணா! இவருக்கு என்ன தெரியும், இவர் அப்புறந்தான் முழிச்சாரு."